அறைக்குள் ஓர் எரிமலைப் பயணம்

கோர்படித் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் இரயிலைப் பற்றி எழுதுவர். படைத்துறையைப் பற்றி எழுதுவர். கோயிலையும் சங்கத்தையும் பற்றி எழுதுவர். சைக்கிளைப் பற்றி எழுதுவார் அரியர். அக்குறையைச் சிறிதளவேனும் நீக்கலாமே என்னும் எண்ணத்தில் நான் தொடங்கிய இக்கட்டுரை, சைக்கிளில் புறப்பட்டு எரிமலையில் போய் நின்றது. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை அன்பர்கட்கு முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்.

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு சைக்கிள் நிற்கின்றது. அதற்குப் பின்சக்கரம் இல்லை. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் கனத்த இரும்புப் பொறியொன்று அமர்ந்து, சங்கிலியைத் தன் பற்களில் ஏற்றுக்கொண்டிருக்கின்றது. எதிரே ஒரு திரை, பக்கத்தில் மின்விசிறி, கீழே வியர்வையை ஏந்த ஒரு தடித்த விரிப்பு. கல்லூரியில் பயிலும் என் பேரன் விடியற்காலை ஐந்து மணிக்கு அதில் ஏறி அமர்கின்றான். திரையில் கடல் தோன்றுகின்றது, தென்னை தோன்றுகின்றது, புகை கக்கும் மலையொன்று தோன்றுகின்றது. பாதை மலையைக் குடைந்து உள்ளே செல்ல, இருமருங்கும் செந்தீக் குழம்பு கொதிக்கின்றது. பாதை மேட்டில் ஏறுந்தோறும் பொறியும் இறுகுகின்றது. பையனுக்கு மூச்சு வாங்குகின்றது.

“தாத்தா, எரிமலைக்குள்ளே போய்க்கொண்டிருக்கின்றேன்!” என்று ஒருநாள் கூவினான்.

“எந்த ஊர் எரிமலை அப்பா அது?” என்றேன்.

அவன் சொன்ன பெயர் வாட்டோபியா. நில நூலில் இல்லாத பெயர். அன்று நகைத்துவிட்டேன். பின்னர் மெல்ல ஆராயத் தொடங்கினேன். முதுமையில் வேறு வேலைதான் யாது?

மேனாட்டில் இதன் தொடக்கம் வெகு பழையது. 1796-இல் இலண்டனில் பிரான்சிஸ் லௌண்ட்ஸ் என்பவர் ‘ஜிம்னாஸ்டிகான்’ என்றொரு பொறிக்கு அரசின் காப்புரிமை பெற்றார். மூட்டு நோயுற்றோரும், நாள் முழுதும் உட்கார்ந்தே தொழில் செய்வோரும் இருந்த இடத்திலிருந்தே கையையும் காலையும் இயக்கி நலம் பெறுவதற்கு அமைந்தது அது. இதில் வியப்பு யாதெனின், அன்று உலகில் சைக்கிளே கிடையாது. ஜெர்மானியராகிய கார்ல் ஃபான் டிரைஸ் இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி ஓட்டிக் காட்டியது 1817-இல். ஓடும் சைக்கிளுக்கு ஓடாத சைக்கிள் இருபத்தோராண்டு மூத்தது!

1912-இல் கடலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் பயிற்சிக் கூடத்திலும் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள்கள் இருந்தன. மிதித்த தொலைவைப் பெரியதொரு முள்வட்டம் காட்டிற்று. மறு ஆண்டு, கோபன்ஹேகன் நகரத்து உடலியல் அறிஞர் ஆகஸ்டு குரோக், மனிதன் உழைக்கும் உழைப்பைத் துல்லியமாக அளப்பதற்கென்று ஒரு சைக்கிளை அமைத்தார். பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ 1855-இலேயே கண்ட உண்மை அதற்கு அடிப்படை. காந்த முனைகளுக்கிடையே உலோகத் தட்டொன்று சுழலுமாயின், அத்தட்டினுள் சுழல் மின்னோட்டம் எழும். அம்மின்னோட்டம் தட்டின் சுழற்சியையே எதிர்த்து நிற்கும். காந்தத்தின் வலிமையைக் கூட்டினால் எதிர்ப்பும் கூடும். பிற்காலத்துப் பயிற்சிப் பொறிகள் பலவற்றிலும் காலை இழுத்துப் பிடிப்பது இவ்விதியே.

இதனைக் கணிப்பொறியோடு இணைத்தோர் 1980-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ரேசர்மேட் நிறுவனத்தார். 2014-இல், ஜான் மேஃபீல்டு என்னும் நிரல் வல்லுநர் தம் வீட்டுப் பயிற்சிக்கெனச் செய்துவைத்திருந்ததை அடிப்படையாகக் கொண்டு, எரிக் மின் முதலியோர் அவரோடு சேர்ந்து ஸ்விஃப்ட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர் (நம் தெருவெல்லாம் ஓடும் காருக்கும் இதற்கும் உறவில்லை). பல நாட்டார் தத்தம் அறைகளில் மிதிக்க, திரையில் அனைவரும் ஒரே சாலையில் ஒருவரையொருவர் முந்துகின்றனர். 2020 டிசம்பர் 9-ஆம் நாள், உலக மிதிவண்டிக் கழகத்தாரே இதில் முதல் உலகப் போட்டியை நடத்தினர். களம் அந்த வாட்டோபியாத் தீவு. ஆடவரில் வென்ற ஜெர்மானியர் ஜேசன் ஆஸ்போர்ன் அந்நாளில் தொழில்முறைச் சைக்கிள் வீரர் அல்லர், படகு வலிப்பவர். மகளிரில் வென்றவர் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோ. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் நெடும் போட்டி நோய்த்தொற்றினால் அறைக்குள் நடத்தப்பெற்றபோது, நம் படையதிகாரி லெப்டினன்ட் கர்னல் பரத் பன்னு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டரைப் பன்னிரண்டு நாளில் மிதித்து மூன்றாம் இடம் பெற்றார். நாட்டை விட்டு அவர் ஓரடியும் வெளியே வைக்கவில்லை.

“இதெல்லாம் விளையாட்டுத்தானே, உண்மையன்றே?” எனச் சிலர் வினவலாம். நானும் வினவியவன்தான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தபின் அவ்வாறு கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்று கொள்வோம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் பாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு, புவியின் ஈர்ப்பை வெல்லுதற்கு மட்டுமே ஏறக்குறைய 110 வாட் ஆற்றல் வேண்டும். அந்த 110 வாட்டையும் பொறி தவறாமல் கேட்டு வாங்குகின்றது. மலை பொய், தொடை நோவது மெய்.

அந்தப் பொய் மலைக்கும் ஒரு முகவரி உண்டு. வாட்டோபியாவைப் படைத்தோர் அதனை நிலப்படத்தில் ஓரிடத்தில் பொருத்த வேண்டியிருந்தது. தென்கடலில் சாலமன் தீவுகளைச் சேர்ந்த தேயானு என்னும் சிறு தீவின்மேல் பொருத்தினர். அது வனிக்கோரோத் தீவுக்கூட்டத்தில் உள்ளது. 1788-இல் பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸ் தம் இரு கப்பல்களோடும் மறைந்துபோனது அந்த வனிக்கோரோவின் பவளப் பாறைகளில்தான். ஏறத்தாழ நாற்பதாண்டு அவர் கதி உலகுக்குத் தெரியாதிருந்தது. பீட்டர் டில்லன் என்னும் கப்பல் தலைவர் 1826-இல் துப்பறிந்து கல்கத்தாவுக்கு வந்து சொல்ல, கம்பெனி அரசு கொடுத்த கப்பலில் மறு ஆண்டு சென்று அவரே சிதைவுகளைக் கண்டெடுத்தார். வனிக்கோரோவும் பண்டைய எரிமலையின் எச்சமே. ஆயினும் திரையிற் காணும் புகையும் தீக்குழம்பும் அங்கு இல்லை.

நிற்க. என் பேரன் ஏன் அறைக்குள் புகுந்தான் என்பதை இனிச் சொல்ல வேண்டும்; அதில்தான் கோர்படியின் சைக்கிள் வரலாறு அடங்கியிருக்கின்றது.

என் தந்தையார் வடஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்து அரக்கோணத்தில் பம்பாய் மெயில் ஏறி இவ்வூர் வந்தவர். பம்பாயிலிருந்து வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து சென்ற பாதையும் ராய்ச்சூரில் கைகோத்தது 1871-இல். நம்மவர் பலரை இங்குக் கொணர்ந்து இறக்கியது அந்தக் கைகோப்பே. தந்தையாருக்குக் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. 1869-இல் தோன்றிய தொழிற்சாலை அது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதலில் வாங்கியது ஓர் ஹெர்குலிஸ் சைக்கிள். ‘நம் அம்பத்தூரில் செய்தது’ என்று பெருமையாகச் சொல்லுவார், அங்கு டி.ஐ. சைக்கிள் தொழிலகம் ஏற்பட்டது 1949-இல். விடியுமுன் புறப்பட்டு, பண்டு கார்டன் பாலத்தில் ஆற்றைக் கடந்து, எரவாடா வழியே ஹோல்கர் பாலத்தைத் தாண்டிக் கட்கி சேர்வார். அந்நாளில் புனேக்குச் ‘சைக்கிள் நகரம்’ என்றே பெயர். சங்கு ஊதும் வேளையில் சாலையை அடைத்துக்கொண்டு செல்லும் சைக்கிள் வெள்ளத்தில் மராத்தியும் தமிழும் தெலுங்கும் ஒன்றாய் ஒலிக்கும். வண்டியில் நகராட்சி வரி வில்லை இல்லாவிடினும், இரவில் விளக்கில்லாவிடினும், பின்னால் ஒருவரை ஏற்றிச் சென்றாலும் அபராதம். என் தாயாரைப் பின்னே அமர்த்தி எம்ப்ரஸ் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றபோது தந்தையார் ஒருமுறை பிடிபட்டார் என்று கேள்வி. அவர் வாயால் அதனை ஒருநாளும் ஒப்பியதில்லை.

அந்த வெள்ளம் எப்போது வற்றியது என்று நாள் குறித்துச் சொல்ல இயலாது. அருகிலுள்ள ஆகுர்டியிலேயே பஜாஜ் தொழிற்சாலை ஸ்கூட்டர்களைச் செய்யலாயிற்று. 1972-இல் இந்நகரத்துக் கைனெடிக் நிறுவனத்தாரின் லூனா வந்தது. மிதிக்கவும் செய்யலாம், மிதியாமலும் போகலாம் என்னும் வண்டி அது. மிதியாமலே போகலாம் என்று தெரிந்தபின் மிதிப்பார் யார்? சைக்கிள் நகரம் தன் கையாலேயே தன் பெயரை அழித்துக்கொண்டது. 2006-இல் சோலாப்பூர்ச் சாலையிலும் சாத்தாராச் சாலையிலும் பேருந்துக்குத் தனித்தடம் வந்தபோது சைக்கிளுக்கும் ஓரத்தில் பாதை இட்டனர். அப்பாதையில் கடை விரித்தோரையும் கார் நிறுத்தினோரையும் கண்டதுண்டு. சைக்கிளைக் கண்டது குறைவு. அந்த நாள் சைக்கிள்களைப் பார்க்க விரும்புவோர் இன்று கர்வே நகரில் உள்ள விக்ரம் பெண்ட்சே சைக்கிள் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். செல்லத்தக்க இடம். ஆயினும் சைக்கிளைக் கண்காட்சியில் காணும்போது என் போன்றோர்க்குத் தொண்டை சற்று அடைக்கின்றது.

பேரன் சாலையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்றாண்டுக்கு முன் மாலை வேளையில் ஒரு வண்டி பின்னின்று இடித்துத் தள்ளிவிட்டு நில்லாது போயிற்று. வலது முழங்கை முறிந்தது. நான்கு மாதம் பேனா பிடிக்கவில்லை. “இனிச் சாலையில் சைக்கிள் என்ற பேச்சே கூடாது” என்று என் மருமகள் உறுதியாகச் சொல்லிவிட்டாள். அவள் கூறியதில் பிழை காண என்னால் இயலவில்லை. அந்தப் பொறி வீட்டிற்கு வந்தது அதன் பின்னரே. எரிமலையைத் தேடி அவன் அறைக்குள் புகவில்லை. சாலையை இழந்து புகுந்தவனுக்கு எரிமலை கிடைத்தது.

ஆனால் ஒரு செய்தி அவனுக்கும் தெரியாது. நெடுநாள் எனக்கும் தெரியாது. அவன் மிதிக்கும் அறையின் தளத்திற்குக் கீழே கிடப்பதும் எரிமலைக் குழம்பே.

புனே நகரம் முழுதும் உறைந்த தீக்குழம்பின்மேல் அமர்ந்துள்ளது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன் இந்நிலம் பிளந்து குழம்பைச் சொரிந்தது. இன்று எஞ்சியுள்ளது மட்டுமே ஏறக்குறைய 5 இலட்சம் சதுரக் கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் நான்கு மடங்கிற்குச் சற்றே குறைவு. மேற்கே சையாத்திரிப் பக்கம் அதன் கனம் இரண்டு கிலோமீட்டர் வரை உண்டு. அக்காலத்தை ஒட்டியே பெரும் பல்லியினம் உலகினின்று மறைந்தது. மெக்சிகோவில் வந்து வீழ்ந்த விண்கல் காரணமா, இக்குழம்பும் அதன் நச்சுக் காற்றும் அதற்குத் துணை நின்றனவா என்னும் வழக்கு அறிஞரிடையே இன்னும் முடியவில்லை.

‘எரிமலை என்றால் கூம்பு எங்கே? வாய் எங்கே?’ எனப் பேரன் கேட்டான். நல்ல கேள்வி. இங்குக் குழம்பு பெரும்பாலும் கூம்பு கட்டி எழவில்லை; நீண்ட வெடிப்புகளின் வழியே வெள்ளம் போலப் பொங்கிப் பரந்தது. ஒரு வெள்ளம் ஆறிக் கல்லாகும். நெடுங்காலம் கழித்து மற்றொன்று அதன்மேல் வரும். இடைக்காலத்தில் மேற்பரப்பு வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணாகும். அடுத்த குழம்பு அதன்மேற் படிந்து மூடும். மலைச்சாலை வெட்டுகளில் கரும்பாறைகளுக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு பட்டை ஓடுவதைப் பலரும் பார்த்திருப்பர். இரண்டு வெள்ளங்களுக்கு இடையே நெருப்பு ஓய்ந்திருந்த காலம் அது. இவ்வடுக்குகள் தேய்ந்து தேய்ந்து படிக்கட்டுப் போல நிற்பதனால் சுவீடன் மொழியில் படியைக் குறிக்கும் சொல்லை ஒட்டி மேனாட்டார் இதற்கு ‘தக்காண டிராப்’ என்று பெயரிட்டனர். புனேயைச் சூழ்ந்த மலைகளை முதன்முதல் முறையாக ஆராய்ந்தோருள் ஒருவர் கர்னல் சைக்ஸ். பம்பாய் அரசின் புள்ளிவிவர அதிகாரியாக 1824 முதல் இப்பகுதியெங்கும் சுற்றியவர். 1830-களில் இலண்டன் நிலவியல் சங்கத்தில் இப்பாறைகளைப் பற்றிக் கட்டுரை அளித்தார். ஜங்கலி மகாராஜ் சாலையில் உள்ள பாதாளேசுவரர் குகைக் கோயில் எட்டாம் நூற்றாண்டில் இக்கல்லையே குடைந்து செய்தது. 1863-இல் திறக்கப்பெற்ற போர் காட் இருப்புப்பாதைக்கு ஆயிரக்கணக்கான கூலியாட்கள் உயிரைக் கொடுத்துக் குடைந்ததும் இக்கல்லையே. பம்பாயிலிருந்து இரயிலில் வரும் அன்பர்கள் எரிமலைக்குள் நுழைந்து நுழைந்துதான் வருகின்றனர், திரை வேண்டியதில்லை.

இவ்வளவோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் இக்குழம்பு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கிடைத்த விடை என்னை நெடுநேரம் உறங்கவிடவில்லை.

பூமியின் ஆழத்தினின்று அனல் பொங்கி எழும் ஊற்றுகள் சில உண்டு என்றும், நிலப்பரப்புகள் அவற்றின்மேல் நகர்ந்து செல்கின்றன என்றும் அமெரிக்க அறிஞர் ஜேசன் மார்கன் 1971-இல் விளக்கினார். நம் பாரத நிலம் வடக்கு நோக்கி ஆண்டுக்குச் சில அங்குலமாக நகர்ந்தபோது அத்தகைய ஊற்றொன்றின்மேல் வந்தது. அப்பொழுது சொரிந்ததே தக்காணக் குழம்பு. நிலம் நகர்ந்துவிட்டது, ஊற்று நிற்கவில்லை. மேலே எது வந்ததோ அதைச் சுட்டுக்கொண்டே இருந்தது. இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் கடலடி மலைத்தொடர் அதன் சுவடு. மொரீசியசும் அதன் படைப்பே. இன்று அந்த ஊற்று எரிந்துகொண்டிருக்கும் இடம் புனேயிலிருந்து 4,500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ரியூனியன் தீவு.

மொரீசியஸ், ரியூனியன். இவ்விரு பெயரையும் கேட்டவுடன் தமிழர்க்கு வேறொரு நினைவு வரவேண்டும். ரியூனியனில் 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரிட்டனும் பிரான்சும் 1860-இல் உடன்படிக்கை செய்துகொண்டு ஒப்பந்தக் கூலிகளைத் திரட்டக் கதவைத் திறந்தன. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பல் கப்பலாகச் சென்றோரில் பெரும்பாலோர் நம்மவர். அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டுப் பிரிட்டிஷ் அரசு 1882-இல் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. போனவர்களில் மீண்டவர் சிலர், தங்கியவர் பலர். அவர்தம் வழிவந்தோரை அத்தீவில் ‘மலபார்’ என்பர். பெயரில் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. நாவில் பெரும்பாலும் இல்லை. ஆனால் இன்றும் தீ மிதிக்கின்றனர்.

அத்தீவின் எரிமலைக்குப் பிரெஞ்சு மொழியில் ‘உலைச் சிகரம்’ என்பது பொருள்படும் பெயர். உயரம் 2,600 மீட்டருக்கு மேல். 1977-இல் அதன் குழம்பு மலையிறங்கிச் சேந்த் ரோஸ் வட்டத்து ஊரொன்றில் புகுந்து, மாதா கோயிலின் வாயிலளவில் வந்து இருபுறமும் பிரிந்து சென்றது; கோயில் இன்றும் நிற்கின்றது. 2007 ஏப்ரலில் பாய்ந்த குழம்பு கடற்கரைச் சாலையை மூடியது. ஆறியபின் அக்கல்லின்மேலேயே மீண்டும் சாலை இட்டனர். கரும்பு வெட்டப் போனவரின் கொள்ளுப்பேரர்கள் இன்று அச்சாலையில் சைக்கிளும் ஓட்டுவர் என்று எண்ணிக்கொள்கின்றேன்.

இதனைப் பேரனிடம் கூறினேன். வயிற்றுப் பிழைப்புக்கென்று ஒரு சாரார் மேற்கே இரயிலேறிப் பழைய குழம்பின்மேல் குடியேறினோம். மற்றொரு சாரார் தெற்கே கப்பலேறிப் புதிய குழம்பின்மேல் குடியேறினர். இரண்டையும் சொரிந்தது ஒரே ஊற்று என்றேன். அவன் மிதிப்பதை நிறுத்திவிட்டான். திரையில் அவன் உருவம் மட்டும் சிறிது தூரம் தானாக உருண்டு சென்று, எரிமலையின் அடியில் நின்றது.

“இங்கே பக்கத்தில் அந்தச் சிவப்புப் பட்டை எங்கே தெரியும் தாத்தா?” என்றான்.

மருமகளிடம் இசைவு பெறுவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை, லாரிகள் எழுவதற்கு முன், தாத்தா பின்னால் ஸ்கூட்டரில் காவல் வரவேண்டும். இவை அவள் விதித்த நிபந்தனைகள். பொறியிலிருந்து சைக்கிளைக் கழற்றிப் பின்சக்கரத்தை மாட்டினோம். ஹடப்சர் தாண்டி, சாஸ்வட் செல்லும் சாலையில் திவே காட் நோக்கிப் புறப்பட்டோம். ஞானேசுவரரின் பல்லக்கு ஆண்டுதோறும் ஏறிச் செல்லும் மலை அது. அவன் முன்னே ஏற, என் ஸ்கூட்டர் பின்னே முனகிக்கொண்டு வந்தது.

பாதி மலையில் ஒரு வெட்டருகே நிறுத்தினான். கரும்பாறைக்கும் கரும்பாறைக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் செம்மண் பட்டை ஓடிற்று. முறிந்து கூடிய வலக்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். பின் விரல்களை மோந்தான். “குளிர்ந்திருக்கின்றது” என்றான்.

இறங்கும்போது அவனுக்குக் காற்று முகத்தில் அடித்தது. பொறியில் இறக்கம் வந்தால் கால் இலேசாகுமே தவிரக் காற்று வராது. மின்விசிறி ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும். அடிவாரத்துத் தேநீர்க் கடையில் வந்து நின்றபோது அவன் கண்கள் நீர் வடிந்து சிவந்திருந்தன. வீடு திரும்புவதற்குள் லாரிகள் எழுந்துவிட்டன. நான் ஸ்கூட்டரை அவனுக்கு வலப்புறமாக ஓட்டிக்கொண்டு, எட்டரை மணிக்குக் கோர்படி வந்து சேர்ந்தோம். மருமகள் வாயிலில் நின்றிருந்தாள்.